பட்டாசு சிஸ்டர் வாய் திறக்காத நாள்

குழந்தைகள் வார்டு நர்சுக்குப் பட்டாசு சிஸ்டர் என்று பேர் வைத்தவன் நான்தான். மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன வேலை? அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பெரிய டாக்டரையே, "கையக் கழுவிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவள்.

அப்படிப்பட்டவள், வெளிநாட்டிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவியிடம் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டாள். "பாவம், கடல் தாண்டி வந்த பொண்ணு. நாலு பேர் முன்னாடி அதோட முகம் வாடக் கூடாது" என்பாள். அவளை மட்டும் சொல்வானேன்? என் ஒரே நல்ல நாற்காலியை நானும்தான் துடைத்துக் கொண்டுபோய் மாணவிக்குப் போட்டேன். அந்தப் பெண்ணோ எங்கள் பேச்சைத் தத்தித் தத்திக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, ஐந்து மாதக் குழந்தை ஒன்று இருமலோடு வந்தது. மாணவி கால் நிமிடம் மூச்சை எண்ணி, நாலால் பெருக்கி, நாற்பது, பயமில்லை என்று எழுதினாள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்பது எங்கள் வார்டைப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் நின்ற சிஸ்டருக்குத் தெரியாதா? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டாள். கூட்ட நெரிசலில் பெரிய டாக்டரும் அதை நம்பிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

தாய் என்னிடம் சிரப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மனசு கேட்காமல் சிஸ்டர் ஓடி வந்தாள். "அந்தக் குழந்தை எங்கய்யா?"

"பஸ்சுக்குப் போயாச்சே!"

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். பின்னாலேயே நானும். நல்லவேளை, பஸ் வரவில்லை. குழந்தையின் துணியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். அறுபத்திரண்டு. அந்த வயசுக்கு ஐம்பதைத் தொட்டாலே ஆபத்து. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே உள்ளே போனது.

"யாரக் கேட்டுக் கிளம்பின?" என்று தாயிடம் வெடித்தாள்.

"பக்கத்துல நீங்கதானே சிஸ்டர் நின்னீங்க? எங்களத் திட்ட மட்டும்தான் வாய் வருமா?"

பட்டாசு நமுத்துப்போனது.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, சாயங்காலம் குழந்தை பால் குடித்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. மாணவி அழுது சிவந்த கண்ணோடு கட்டிலருகே நின்றாள்.

"நீங்க எண்ணும்போதே தப்புன்னு தெரியும்மா. மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..." என்று இழுத்தாள் சிஸ்டர்.

"நான் படிக்க வந்தேன், சிஸ்டர். விருந்துக்கு வரல."

சிஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் வார்டே அதிரும்படி ஒரு குரல்: "அப்படின்னா இங்க வாடி! கடிகாரத்தப் பாரு. முழு நிமிஷம் எண்ணு!"

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன்.