நான் எடுத்த பெரட்டு

அந்தக் கப்பலை என் கையால் வரைந்தேன். பாடப்புத்தகத்தில் உள்ளங்கை அளவே இருந்த படம் அது. அட்லாண்டிக் கடலைக் கடந்த அடிமைக் கப்பல் ஒன்றின் உள்தட்டு, மேலிருந்து பார்ப்பதுபோல. அதைக் கதவளவு அட்டையில் பெரிதாக்கினேன். ஒருவன் தலைமாட்டில் இன்னொருவன் காலாக ஆப்பிரிக்க மனிதர்கள் வரிசை வரிசையாகக் கிடந்தார்கள். ஒவ்வொருவரையும் கறுப்பு மையால் வரைந்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் அவர்களுக்காக ஒரு நிமிடம்கூட நான் வருந்தவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ஒரு கிழவரை ஊர் முன்னால் எப்படித் தலைகுனிய வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெரிய கங்காணி. என் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தவர். தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்த வாரத்தில், கூலிகள் குடியிருந்த லயத்துக்குள் புகுந்து, போர்த்திய சாக்கோடு அவரை இழுத்துப்போய் வரிசையில் நிறுத்தினார் கங்காணி. அப்பா "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு விழுந்தார். மூன்றாம் நாள் இறந்தார். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். பிறகு அம்மா மலாக்காவுக்கு வந்து தெங்கேராவில் நாலு வீட்டுத் துணி துவைத்து என்னைப் படிக்க வைத்தாள். எனக்குச் சோறூட்டும்போதெல்லாம் இந்தக் கதையையும் சேர்த்தே ஊட்டினாள். வரலாற்று ஆசிரியராகி நான் காஜா பெராங்கில் வீடு எடுத்தபோது, அதே தெருவில் வெள்ளை வேட்டியும் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியுமாக அந்தக் கங்காணி குடியிருந்தார். கோயிலில் அவர் வந்த பிறகுதான் தீபாராதனை.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த மாதம் எங்கள் வாசகசாலையில் ஒரு விழா ஏற்பாடாயிற்று. கட்டடக் குழுவுக்குத் தலைவர் என்பதால் கங்காணிக்கு மாலை போடுவதாக முடிவு செய்தார்கள். அப்பா காலத்திலிருந்தே அந்தத் தோட்டத்தை நடத்திய துரைதான் சிறப்பு விருந்தினர். சீமைக்குத் திரும்பப் போகிற வெள்ளைக்காரர்; கூரைத் தகரம் அவர் கொடுத்தது. என்னை அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். "எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க வாத்தியாரே, அழுவாச்சியா மட்டும் வேணாம், மெர்டேக்கா பாருங்க," என்றார் செயலாளர். சரி என்றேன். மாலை விழுமுன் அந்தக் கழுத்தை வளைத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

படத்தை மேடையில் மாட்டிப் பேசினேன். ஐரோப்பாவிலிருந்து துப்பாக்கியும் துணியும் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கப்பல்களைச் சொன்னேன். அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்ததும் இருந்தது என்றபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. துணிக்கு மாற்றாக மனிதர்கள்; அவர்களின் உழைப்பில் அமெரிக்கத் தீவுகளில் கரும்பு; அந்தச் சர்க்கரையில் எழுந்த நகரங்கள். டச்சுக்காரன் இதே மலாக்காவிலும் அடிமைகளை வைத்திருந்தான் என்றேன். அடிமை முறையை ஒழித்த பிறகு அதே கரும்புக் காடுகளுக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள், அந்த வழக்கத்தின் இன்னொரு கிளைதான் நம்மை ரப்பருக்குக் கொண்டுவந்தது என்றேன். இதுவரை சொன்னதில் பொய் இல்லை. அதற்குப் பிறகுதான் தில்லுமுல்லு செய்தேன். கப்பலை அனுப்பியவனையும் காட்டுக்குச் சொந்தக்காரனையும் விட்டுவிட்டு, கரையில் நின்று தன் இனத்து ஆளையே பிடித்துக் கொடுத்த தரகனைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினேன். அவனுடைய உடையை, நடையை, கையில் வைத்திருந்த தடியை வர்ணித்தேன். எந்தப் புத்தகத்திலும் அந்தத் தடி கிடையாது. கூட்டம் திரும்பித் திரும்பி முன்வரிசையைப் பார்த்தது.

"தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு பெரட்டு எடுப்போமா?" என்றேன். சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிலரின் பெயரைக் கூப்பிட்டேன். "இருக்கேன்!" "இருக்கேன் சார்!" என்று விளையாட்டாகக் குரல் வந்தது. என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டேன். "வரவில்லை. காய்ச்சல்," என்று நானே சொன்னேன். அடுத்து, பட்டம் எதுவும் இல்லாமல், கங்காணியின் பெயரைக் கூப்பிட்டேன்.

அவர் திட்டிவிட்டு வெளியே போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் பக்கம் பார்க்காமல், பக்கத்து நாற்காலியில் இருந்த துரையின் பக்கம் திரும்பி, "இருக்கேன் தொரை," என்றார். கங்காணி ஆவதற்கு முன்னால் அவரும் பால் வாளி தூக்கி அதே வரிசையில் நின்றவர்தான் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவேயில்லை. துரை பழக்கத்தில் தலையசைத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், கங்காணி பெரட்டுக்கு வந்துட்டாருடா! பேர் போட்டுக்க!" என்று கத்தினான். கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலை மேசையிலேயே கிடந்தது.

துரை மேடையேறி என் கையைக் குலுக்கினார். ஆள் ஏவுவதற்காகத் தமிழ் கற்றவர் அவர். மரியாதைச் சொல் அவர் வாயில் வராது. "நல்லாப் பேசினே. ரொம்ப நல்லாப் பேசினே. வர்ற ஞாயித்துக்கிழமை பங்களாவுக்கு வா, தேத்தண்ணி குடி," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு கங்காணி சாப்பாட்டுக் கடையைத் தாண்டினால் போதும், உள்ளே இருந்து யாராவது அவர் பெயரைக் கூப்பிடுவார்கள், இன்னொருவன் "இருக்கேன் தொரை!" என்பான். சில நாளில் அவர் புக்கிட் பாருவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வருடத்துக்குள் இறந்தார் என்று கேள்விப்பட்டேன். சாவுக்கு நான் போகவில்லை. இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவருக்கு நான் கொடுத்த தண்டனை கோணலானது. கடலில் செத்த அந்த மனிதர்களை என் பகைக்கு வேலை செய்ய ஆள் கட்டிக் கொண்டுவந்தேன். அவர்கள் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தக் கோணலை எனக்கு முதலில் காட்டியவள் அம்மா. விழா அன்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டே கேட்டாள்:

"அவன எழுப்பி நிக்க வச்ச, சரி. அந்தத் தொரைய ஏண்டா உக்கார வச்ச?"

"அம்மா, அவர் விருந்தாளி..."

"காய்ச்சக்காரனையும் கொண்டான்னு சொன்னது யாரு? கங்காணியோட ஆத்தாளா? படிச்சவன்தானே நீ. ஞாயித்துக்கிழம போறல்ல? மொகத்துக்கு நேரா கேளு. கேக்காம இந்த வீட்டுக்குள்ள வராத."

போனேன். பங்களா விறாந்தையில் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. நான் வாய் திறக்குமுன் துரையே கங்காணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இப்போது ஆங்கிலத்தில். நல்ல ஆள், என்னுடைய ஆட்களிலேயே சிறந்தவன். காய்ச்சலோ என்னவோ, வரிசை முழுசாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன், ஒருநாள்கூட அவன் குறை வைத்ததில்லை என்றார். கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கேட்காமலே வந்துவிட்டது. அவர் பெருமூச்சுகூட விடவில்லை. மேற்கொண்டு ஆசிரியப் பயிற்சிக்கு என்னை இங்கிலாந்து அனுப்பச் சிபாரிசுக் கடிதம் தருவதாகவும் சொன்னார். நான் "எஸ் சார்" என்றேன். தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன்.

அம்மா வாசலை மறித்து நின்றிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. தலையக் குனிஞ்சிக்கிட்டான்."

அம்மா வழிவிட்டாள். அப்பாவின் பெயரைச் சொல்லி விளக்கேற்றினாள். மறுநாள் தெருக் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள்: "எம் பையன் தொரை மொகத்துக்கு நேரா கேட்டுட்டான். தலைய நிமித்தலையாம் அவன்." சாகும்வரை இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.