மன்னிக்காமல் போன மனோ அக்கா

மனோ அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சுவிஸில், இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் கரட் சீவிக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. இனிச் சபேசன் நிம்மதியாகத் தூங்குவார் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. அப்படி அவரைத் தூங்க விடக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

அக்காவை அறிந்த உங்களுக்குச் சூட்டியையும் தெரிந்திருக்கும். கண் மங்கிய கிழட்டு நாய். அக்காவின் குரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும். முன்பு, சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில் அக்காவும் நானும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் இருந்த வளவில் சபேசனின் வீடு. நகைக்கடை முதலாளி, வளவுக்குள் நீச்சல் தடாகம் கட்டியவர். குளிர் தொடங்கியதும் தண்ணீரின் மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் படங்கை விரித்துவிடுவார். வேலிப் படலை திறந்தே கிடக்கும்.

"தம்பி, படங்கு நிலம் மாதிரிக் கிடக்கு. நாய் பூனை நம்பிக் கால் வைக்கும். படலையையாவது கொளுவி விடும்" என்று அக்கா ஒருநாள் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"நாய் நீந்தும்தானே அக்கா?" என்று அவர் சிரித்தார்.

"நீந்தினால் காணாது தம்பி. ஏறி வர வழி வேணும்."

அந்த மார்கழியில் சூட்டியைக் காணவில்லை என்று தேடிப்போனோம். படங்கு ஒரு மூலையில் அமிழ்ந்து கிடந்தது. அக்கா சப்பாத்தோடு இறங்கி, படங்குக்குள் சுற்றுண்டு கிடந்த உடலைத் தூக்கினார். தடாகத்தின் விளிம்பெல்லாம் நகம் பிறாண்டிய கீறல். சத்தம் கேட்டு வந்த சபேசன், "கிழட்டு நாய்தானே அக்கா, நல்ல சாதிக்குட்டி ஒண்டு வாங்கித் தாறன்" என்றார். அக்கா சூட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுமொழியைப் பிறகு செயலில் காட்டினார். நகரசபைக்குப் போய் முறையிட்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தடாகத்தைச் சுற்றி வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் படலையும், கெட்டியான மூடியும், தண்ணீரிலிருந்து பிராணிகள் ஏறிவரச் சாய்பலகையும் போடாமல் சபேசனால் தப்ப முடியவில்லை. அதோடு அக்கா விடவில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்குச் சபேசன் நின்ற கூட்டத்தில் எழும்பி, "கெஞ்சிக் கேட்டும் தன்ர படலையைச் சாத்தாத மனிசனிட்டயோ எங்கட பிள்ளையளின்ர விழாக்களை விடப்போறியள்?" என்று கேட்டார். சபேசன் தோற்றார். அன்று அக்கா எனக்குக் கோழிக்கறி சமைத்துத் தந்தார்.

அக்கா நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வரலாமோ என்று சபேசன் என்னிடம் கேட்டனுப்பினார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். "வரவேண்டாமெண்டு சொல்லு. மன்னிக்க எனக்கென்ன உரிமை? தண்ணிக்குள்ள தவிச்சது நானில்லை."

அக்காவின் செத்தவீட்டுக்குச் சபேசன் வந்தார். என் கையைப் பிடிக்க வந்தபடி, "எங்கட பேத்தியின்ர நாய்க்குட்டி போன கோடையில தடாகத்துக்குள்ள விழுந்திட்டுது. அந்தச் சாய்பலகையாலதான் ஏறித் தப்பினது. அக்காவுக்கு நன்றி சொல்லக் கிடைக்கேல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் கையைக் கொடுக்கவில்லை. "சூட்டி விழமுந்தி போட்டிருக்கலாமே, அண்ணை" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். செத்தவீட்டில் இப்படிக் கதைக்கலாமோ என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்குக் கவலையில்லை.

அக்காவின் சாமான்களை உறவினர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கு அவருடைய கோபம் போதும். அது ஆறாமல் என்னிடம் இருக்கிறது, சபேசன் அண்ணை.