கோவவீலா கவர்னர்களும் என் கிரீன் கார்டும்

டேட்டாபேஸ் வேலையில் செத்தவர்களால் தொந்தரவு இல்லை, சம்பளம் கொடுப்பவர்களால்தான். எச்-1 விசாவில் ஒரே முதலாளியை நம்பிக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில், பள்ளிக்கூடங்களுக்கு வரலாற்று சி.டி. தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். என் தலையில் விழுந்தது மெக்சிகோவின் கோவவீலா மாநிலத்தை ஆண்ட கவர்னர்கள் அத்தனை பேரும். முதலாளி சுந்தரம் அண்ணன், திருப்பூர்க்காரர். என் மனைவி மாலதி ஈரோட்டில் பிசிக்ஸ் லெக்சரராக இருந்தவள். இங்கே டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வந்தால்தான் அவளுக்கு விடிவு. அதற்கு அண்ணன் சொன்ன வழி ஒன்றுதான்: “கவர்னருங்கள முடிச்சுக் குடு கண்ணு, அடுத்த நாளே உன் கிரீன் கார்டு ஃபைல் பண்ணிரலாம்.”

அப்பா எங்கே?

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலோடு பிழைத்தவர்கள். பாஸ்போர்ட்டில் என் பெயர் குமரவேல் ராமசாமி. கடைசியில் நிற்பது அப்பா. கவர்னர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்து, ஒவ்வொருவரின் கடைசிப் பெயரையும் எடுத்து அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். மெக்சிகோவில் நடுவில் வருவதுதான் அப்பா வீட்டுப் பெயர், கடைசியில் வருவது அம்மா வீட்டுப் பெயர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சொன்னவள் லூப்பே. எங்கள் வரலாற்று எடிட்டர், கோவவீலாவில் பிறந்தவள். ஆபீசில் எல்லோரையும் போல அவளும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “மிஸ்டர் ராமசாமி, எங்க கவர்னர்கள் எல்லாரையும் அவங்கவங்க மாமா வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.”

ஒரு நாற்காலி, இரண்டு பேர்

ஒரு மாநிலத்துக்கு ஒரு சமயத்தில் ஒரு கவர்னர்தான் என்று ப்ரோகிராமில் விதி போட்டிருந்தேன். எவனுக்கும் தோன்றக்கூடிய நியாயம்தானே. ஆனால் கோவவீலாவில் ஒரு காலத்தில் சல்தீயோ ஊர்க்காரர்களும் மொங்க்ளோவா ஊர்க்காரர்களும் தலைநகருக்கு அடித்துக்கொண்டு, ஊருக்கு ஒரு கவர்னர் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஆளை உள்ளே விட்டாலே கம்ப்யூட்டர் மக்கர் செய்தது.

விதியை மாற்ற இரண்டு வாரம் வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். இரண்டு வாரம் தள்ளினால் என் கிரீன் கார்டும் தள்ளும் என்று தெரிந்தேதான் கேட்டேன். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்த போனை வைக்காமலே சொன்னார்: “ரெண்டு பேர்ல ஒருத்தனத் தூக்கிரு கண்ணு, அவங்க பேரனா வந்து கேக்கப் போறான்?”

தூக்கவில்லை. சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் இடம் பண்ணினேன். பாராட்டு எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை.

டெக்சாஸ் யாருடையது

சி.டி.யின் முதல் பகுதி விற்பனைக்குப் போனதும், சப்போர்ட் போனும் என் மேஜைக்கு வந்தது. ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார். டெக்சாஸ் பக்கத்தைத் திறந்தால் கோவவீலா கவர்னர் வருகிறாரே, இது தப்பு என்றார். தப்பில்லை அம்மா, டெக்சாஸ் மெக்சிகோவிடம் இருந்தபோது அதுவும் கோவவீலாவும் ஒரே மாநிலம், ஒரே கவர்னர் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் மெக்சிகோவா என்று கேட்டார். இந்தியா என்றேன். அவர் குரல் இளகியது: “அப்ப உங்களுக்கு இதுல என்ன போகுது? எடுத்துடுங்களேன்.”

பொறுப்பு கவர்னர்

எங்களிடம் ஒரே கார். சாயங்காலம் மாலதி வந்து என்னைக் கூட்டிப்போவாள். ஒரு நாள் வேலை முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். சில பெயர்களுக்கு எதிரே ‘இன்டெரினோ’ என்று இருக்கிறதே, என்ன அது என்று கேட்டாள். பெரியவர் லீவு போட்டால் அவர் திரும்பும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருப்பவர் என்றேன். சிலர் பத்து நாள்கூட இருந்ததில்லை, நம்மைப் போலத்தான், எல்லாம் தற்காலிகம் என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. வருஷக் கணக்காக அபார்ட்மென்ட் ஜன்னலில் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்: “பத்து நாளா இருந்தாலும் அவருக்கு வேலைன்னு ஒண்ணு இருந்துதுங்க.”

ஆறு கடந்த பிறகு

2001-ல் கடைசி கவர்னரையும் ஏற்றி முடித்தேன். ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அது தெரிந்தும் நம்பினேன், வேறு யாரை நம்புவது? அண்ணன் அறைக்குள் கூப்பிட்டு, காபி கொடுத்தார். கம்பெனியை விற்றுவிட்டாராம். கிரீன் கார்டு என்றேன். இனி அவரால் ஃபைல் பண்ண முடியாதாம். அப்படியானால் வாங்கியவர்கள் பண்ணுவார்களா என்று கேட்டபோது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர்களுக்கு ஆட்கள் தேவையில்லையாம். வேலை போனால் விசாவும் போகும் என்று அவருக்குத் தெரியாதா? எழுந்து என் தோளைத் தட்டிக்கொடுத்து அண்ணன் சொன்னார்: “டேட்டாபேஸ் பிரமாதம்னாங்க கண்ணு, அதுக்குத்தான் நல்ல வெல கெடச்சுது.”

துரத்தப்பட்ட கோவவீலா கவர்னர்களுக்குக்கூட, பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று யோசிக்க எல்லை தாண்டும்வரை நேரம் இருந்திருக்கும். எனக்கு அந்த அறையிலிருந்து, மாலதி காரை நிறுத்திக் காத்திருந்த வாசல்வரைதான் இருந்தது.