‘எந்த வண்டி?’ என்று கேட்ட ஸ்டெல்லா அக்கா

அக்கா இறந்த செய்தியைச் சொன்னவர் அவருடைய கணவர் தேவராஜ். காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து நடந்து வந்த ஸ்டெல்லா அக்காவை, லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு மேலே உள்ள இறக்கத்தில் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மறுநாள் கடையில் இருந்த பேப்பர்களையெல்லாம் வாங்கி வரி விடாமல் தேடினேன். ஒன்றிலும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். பல வருடம் செய்தி மேஜையில் உட்கார்ந்தவன் நான்.

தொண்ணூறுகளில் பிரேசர் டவுனில் இருந்த எங்கள் சின்னத் தமிழ்ப் பத்திரிகையை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். அதன் விளம்பர கவுண்டரை மறந்திருக்க மாட்டீர்கள். அஞ்சலி விளம்பரம் கொடுக்க பாஸ்போர்ட் போட்டோவோடு அழுதுகொண்டே வருகிறவர்களை அங்கே வேலை பார்த்த அக்கா முதலில் உட்கார வைப்பார். தண்ணீர் கொடுப்பார். விபத்து என்று தெரிந்தால் மூன்று கேள்வி கேட்பார். எந்த இடம்? எத்தனை மணி? எந்த வண்டி? அழுகிறவர்களிடம் இதெல்லாம் எதற்கு என்று நானே எரிச்சல்பட்டிருக்கிறேன்.

செய்திப் பிரிவில் எங்கள் வழக்கம் வேறு. மாலையில் போலீஸ் கொடுக்கும் ‘நோட்டு’ என்ற தாளில் இருப்பதுதான் விபத்து. அதில் இல்லாதது ஊரில் நடக்கவே இல்லை. நகைத் திருடன் பிடிபட்டால் தாளோடு போட்டோவும் வரும். லாரியில் அடிபட்டுச் செத்தவருக்கு ஒன்றும் வராது. ஸ்டேஷனுக்கு போன் செய்தால் ‘தனிக்கெ நடீத்தா இதெ’, விசாரணை நடக்கிறது என்று கன்னடத்தில் ஒரே பதில். நாங்களும் தலையாட்டிவிட்டு போனை வைத்துவிடுவோம்.

ஒருநாள் அஞ்சலி விளம்பரம் ஒன்றின் புரூஃபைப் பார்த்துப் பதறிப்போனேன். ‘லிங்கராஜபுரம் இறக்கத்தில் காலை ஏழரை மணிக்குத் தண்ணீர் லாரி மோதி இறைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. கவுண்டருக்கு ஓடினேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நியூஸுக்குத்தான் சார் போலீஸ் நோட்டு வேணும். விளம்பரத்துக்கு வேணாம்ல? அந்தம்மா சொன்னாங்க, நான் எழுதினேன்.”

ஸ்டேஷனிலிருந்து மேனேஜருக்கு போன் வந்தது. அவர் ஆடிப்போய்விட்டார். குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாசகத்தை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அக்கா அமைதியாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு, விபத்துச் செய்தி வேண்டுமானால் வாசகர்கள் எங்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அஞ்சலிப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள்.

இனி என் பங்கு. அதே இறக்கத்தில் மூன்றாவது சாவு விழுந்ததும், அக்கா மூன்று விளம்பரங்களையும் வெட்டி எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அந்த வழியாகத்தான் தேவராஜ் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு மூச்சே வராது சார். ஒரே ஒரு நியூஸ் போடுங்க” என்றார். போலீஸ் நோட்டு வரட்டும், பார்க்கலாம் என்றேன். வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நான்காவது விளம்பரம் வந்தது. எலெக்ட்ரீஷியன் ஒருவர், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. புரூஃபை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் நோட்டு இல்லாமலே செய்தி போட்டேன். மாதம் திரும்புவதற்குள் அங்கே வேகத்தடை வந்தது. தேவராஜ் பத்திரமாக ஓய்வு பெற்றார். பத்திரிகையை மூடிவிட்டார்கள். போன வருடம் புதிதாகத் தார் போட்டபோது வேகத்தடையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். யாரும் திரும்பப் போடவில்லை. அதைப் பற்றி அக்கா எனக்கு போன் செய்தார். யாரிடமாவது பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. என் மகளும் அந்த வழியாகத்தான் கல்லூரிக்குப் போகிறாள். இப்போது அவள் வீடு திரும்பும்வரை வாசலில் நிற்கிறேன்.

அக்காவின் போட்டோவோடு ஒரு பெரிய பத்திரிகையின் விளம்பர கவுண்டருக்குப் போனேன். எப்படி இறந்தார் என்பதற்கு படிவத்தில் இடமே இல்லை. “இப்போ அதெல்லாம் போடுறதில்ல சார்” என்றார் அங்கிருந்த பெண். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால் அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிட்ட இந்தத் தாளில் எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று கேள்விகளைத்தான். எந்த இடம்: லிங்கராஜபுரம் இறக்கம், வேகத்தடை இருந்த இடம். எத்தனை மணி: காலை ஆறே முக்கால். இதை வாசிக்கும் உங்களில் யாராவது அந்த நேரத்தில் அங்கே பால் வாங்க நின்றிருப்பீர்கள். தேவராஜ் வீட்டில்தான் இருக்கிறார். கதவு திறந்தே இருக்கும். போய்ச் சொல்லுங்கள், எந்த வண்டி?