அம்பத்தூரில் ஓர் அரைக்குளியல்

சனிக்கிழமை மாலை 4.10. கோவையிலிருந்து வந்த ரயிலை அரக்கோணத்தில் விட்டுவிட்டு, நானும் என் மனைவி சுமதியும் மின்சார ரயிலுக்கு மாறினோம். அம்பத்தூர் ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். இவ்வளவு மலிவாக வேறெங்கும் இவ்வளவு இடிபட முடியாது. ஆனால் எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம்.

மறுநாள் காலை, சுமதியின் தம்பி பிரபு வெள்ளானூரில் கட்டியிருக்கும் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். நல்ல நேரம் ஆறிலிருந்து ஏழரை. பானையை அடுப்பில் ஏற்ற வேண்டியவள் உடன்பிறந்தவள். பிரபுவுக்கு இருப்பது ஒரே அக்கா. அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. சீர்வரிசையாக நான் அனுப்பிய ஒன்றரை ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் முந்தின வாரமே அங்கே போய் இறங்கிவிட்டது. நான் மோட்டார் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் மோதிரம் போடுவார்கள், நான் மோட்டார் போடுவேன்.

திருநின்றவூரில் வாடகைக்கு இருக்கும் பிரபு, "எங்ககூடவே தங்கிக்குங்க மாமா" என்று போனில் மூன்று முறை கேட்டான். இரண்டு அறை, பதினொரு விருந்தாளிகள்.

"உனக்கெதுக்கு மாப்ள சிரமம்? அம்பத்தூர்ல நம்ம ஓட்டல் இருக்குது. பதினோரு வருசத்துல ஒரு தடவை கூட என்னைக் கைவிட்டதில்ல" என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டான் என்று அர்த்தம்.

அண்ணனூர் பணிமனையில் ரயில் பெட்டிகளைக் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நுரை வழிய நின்ற பெட்டிகளை வேடிக்கை பார்த்தபடி போனேன். மறுநாள் இதே நேரத்துக்குள் அவற்றின் மேல் பொறாமைப்படுவேன் என்று அப்போது தெரியாது.

மாலை 5.45. ஓட்டல். வாடகை 2,400 ரூபாய், வரி தனி. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஓட்டல் இது. சேலமோ, திருச்சியோ, ஓசூரோ, கதவைத் திறந்தால் அதே காப்பிக் கலர் திரை, அதே படகுப் படம், கட்டிலுக்கு இடப்பக்கம் அதே சுவிட்ச். இங்கே முதல்முறை வரும் சுமதியிடம், "கண்ணை மூடிட்டே லைட்டைப் போட்டுக் காட்டறேன் பாரு" என்றேன். சுவிட்ச் சொன்ன இடத்தில்தான் இருந்தது. விளக்குதான் எரியவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை, உடம்புக்கு நல்லது என்றேன். இரண்டு பேருக்கு ஒரே துண்டு, சிக்கனம் என்றேன். கெட்டிலுக்கு மூடி இல்லை; ஆவி போக வசதி என்றேன்.

"ஏனுங்க, இந்த ஓட்டல்ல உங்களுக்கு எதாச்சும் பங்கு இருக்குதுங்களா?" என்றாள் சுமதி.

ஞாயிறு காலை 5.20. சுமதி ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவையில் தயார். நான் உற்சாக மிகுதியில் உள்ளங்கை நிறைய ஷாம்பு ஊற்றித் தேய்த்தேன். நுரை மகுடம் மாதிரி எழும்பியது. குழாயைத் திறந்தேன். அது ஒரு முறை இருமியது. அப்புறம் பேச்சே இல்லை.

அறையிலிருந்த ஒரு தண்ணீர் பாட்டில் கண்களுக்கே தீர்ந்தது. இன்னொன்றைச் சுமதி குடித்துவிட்டிருந்தாள். இருந்த ஒரே துண்டைத் தலையில் சுற்றி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, மூன்று மாடி இறங்கி ஓடினேன்.

கீழே ஒருவர் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டலின் பிளம்பராம்.

"தண்ணி எப்போங்க வரும்?"

"லாரி சொல்லிக்கீது சார். ஒம்பது மணிக்கு வந்துடும்."

"ஒம்பதா? மோட்டார் என்னாச்சு?"

"புட்டுகிச்சு சார். மூணு மாசம் கூட ஆவல. முன்னாடி கெடந்தது பழசு, கெயவன் மாதிரி இருமிகினே ஓடும், ஆனா ஓடும். எவனோ கோயம்புத்தூர்க்காரன் வந்து ஹெட் ஆபீஸ்ல தேனா பேசி, எல்லா பிராஞ்சுக்கும் இதையே தலைல கட்டிட்டு பூட்டான். அவன் மட்டும் என் கைல கெடச்சான்..."

துண்டைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன். அந்த ஆர்டருக்காக எனக்குக் கம்பெனியில் சந்தனமாலை போட்டார்கள். பின்னால் சுமதி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டவள், துண்டின் நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிவிட்டாள்.

மணி 5.50. ஒன்பது வரை காத்திருக்க முடியாது. அந்தக் கோலத்திலேயே ஆட்டோ ஏறினோம். வெள்ளானூருக்குப் பதினொரு கிலோமீட்டர், 350 ரூபாய்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், பொண்ணு பாக்கப் போறியா, தலப்பாலாம் ஜோரா கீது?"

"பால் காய்ச்சப் போறோம். நேரமாயிருச்சு, கொஞ்சம் வெரசா போங்க."

"குந்து சார், பறந்துடலாம்."

ஆவடி தாண்டும்வரை உண்மையிலேயே பறந்தார்; அப்புறம் வழி விசாரித்து விசாரித்து ஊர்ந்தார். காற்று பட்டு நுரை காய்ந்து, தலை அப்பளம் மாதிரி மொறுமொறுத்தது. அந்த அவதியிலும் எனக்குச் சிரிப்பாக வந்தது. சுமதி வெளியே பார்த்தபடி இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

காலை 6.35. வாசலில் எல்லோரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். "மாப்பிள்ளை தலப்பாகையோட வந்திருக்காருங்கோ!" என்று ஒரு பெரியப்பா கூவ, போட்டோக்காரர் என்னை முன்வரிசைக்கு இழுத்தார். பால் பொங்குவதற்கு முன் புது வீட்டுக் குழாயைத் திறக்கக் கூடாதென்று கட்டளை. சுமதி பானையை ஏற்றினாள். 6.58க்குப் பால் பொங்கி வழிந்தது. அவள் கண்ணும் கூடவே. நான் உட்பட எல்லோரும் கைதட்டினோம்.

அதோடு தப்பித்தேன் என்று நினைத்தேன். ஐயர் மாவிலையும் சொம்புமாக வந்தார். "துண்டை எடுங்கோ, தீர்த்தம் தலையில படணும்" என்றார். மறுக்க முடியுமா? எடுத்தேன். தெளித்தார். காய்ந்து கிடந்த ஷாம்பு ஆனந்தமாக உயிர்பெற்று, நெற்றி வழியே இறங்கியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, மாவிலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

வீடே சிரித்தது. பிரபு மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் புதுக் குளியலறைக்கு அழைத்துப்போனான்.

"நம்ம ஓட்டல் கைவிட்டிருச்சுங்களா மாமா?"

"ஓட்டல் இல்ல மாப்ள. மோட்டார்."

"யாரோட மோட்டார்?"

நான் அங்கிருந்த புதுக் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அங்கேயும் என் மோட்டார்தான். பிரபு நிதானமாகக் கதவுக்குப் பின்னால் கை காட்டினான். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய இரண்டு பெரிய நீல டிரம்.

"போன வாரமே அக்கா போன் பண்ணுச்சு. ‘மோட்டாரை மாட்டு, மாமா சந்தோசப்படட்டும். ஆனா டிரம்முல தண்ணி புடிச்சு வையி’ன்னு."

இப்போதுதான் அவன் சிரித்தான். முதல் சொம்பை அவனே என் தலையில் ஊற்றினான். அந்த வீட்டில் முதலில் குளித்தவன் நான்தான். அன்றிரவும் அங்கேதான் பாயைப் போட்டுப் படுத்தோம்.

திங்கள் பிற்பகல், ஊர் திரும்பும் ரயிலில், ஓட்டலிலிருந்து போனில் கேள்வி: எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? ஐந்தையும் அழுத்தினேன். பிளம்பருக்கு மட்டும் தனியாக ஐந்து கொடுக்க வழியில்லை. பிரபுவுக்கு, இருமினாலும் ஓடுகிற பழைய மாடல் மோட்டார் ஒன்றை அனுப்புவதாகச் சுமதியிடம் ஒப்புக்கொண்டேன்.

"எந்தக் கம்பெனி?" என்றாள், அப்பாவியாக.

கோவை வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் குளித்தேன். எங்கள் வீட்டில் பதினான்கு வருடமாக ஒரு நாள்கூடத் தண்ணீர் நின்றதில்லை. இதை எங்கள் மேலாளர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: அது வேறு கம்பெனி மோட்டார்.