பாக்கெட்டில் இடமில்லாமல் போன மிட்டாய்

மடக்குக்கத்தியின் அலகு தன் கூட்டுக்குள் திரும்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். பழக்கடையிலோ, ரயிலில் ஆப்பிள் நறுக்குகிறவர் கையிலோ, எங்கே அதைக் கேட்டாலும் என் கை தானாக என் மகளின் தோளைத் தேடிப் போய்விடுகிறது. கூடவே மெஷின் எண்ணெயும் ஆரஞ்சு மிட்டாயும் கலந்த ஒரு வாசனையும் வருகிறது. அது வெளியிலிருந்து வருவதில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வேன்.

அந்தக் கத்தி எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ஆறாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு எழுதிய வருடம். எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் அப்பாவை அத்தா என்போம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அத்தா என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஆள். என் அத்தாவும் அப்படித்தான், துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். வந்த முதல் வாரம் அவர் எதிரே வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒருவழியாகப் பழகி அவர் தோளில் தொங்க ஆரம்பிக்கும்போது அவர் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்.

அந்த முறை பெட்டியிலிருந்து சோப்பு, செண்ட், துணிகளுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டியை அவர் இரண்டு கைகளாலும் எடுத்தார். உள்ளே சிவப்பு நிறத்தில், என் உள்ளங்கையைவிட நீளமாக, சோப்புக் கட்டிபோலத் தடித்த ஒரு கத்தி. அதன் வயிற்றுக்குள்ளிருந்து பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், கத்தரிக்கோல், அரம், திருப்புளி, பூதக்கண்ணாடி, பல்குத்தி என்று ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்து விரித்தார். விரித்து முடித்தபோது அது கவிழ்ந்து கிடக்கும் நண்டுபோல இருந்தது. என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு மச்சான், ஒரு கக்கூஸுதான் இல்ல" என்றார். சுருள் சுருளாக இருந்த ஒரு கம்பியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டதற்கு, அத்தா கொஞ்சம் நெளிந்து, "ஏதோ பாட்டில் தக்கையப் புடுங்கறதாம்" என்றார். "நம்ம வூட்டுல எந்தத் தக்கை இருக்கு புடுங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

அந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு படம் இருந்தது. பனி மூடிய மலையுச்சியில் ஒருவன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். அந்தப் படத்துக்காகவே அத்தா அதை வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மணலும் கிடங்கும் அடுக்குக் கட்டிலுமாக இருக்கிற ஒருவருக்கு மலைமேல் நிற்கிறவனைப் பார்த்தால் என்னென்ன தோன்றியிருக்கும்! "லீவு முடியறதுக்குள்ள நம்ம எல்லாரும் பச்சமலைக்குப் போறோம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அந்தப் படத்தில் நின்றவனின் முதுகில் அவன் தலையைவிட உயரமான ஒரு பை இருந்தது. அதை எங்களில் யாருமே கவனிக்கவில்லை.

மிட்டாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் பங்கு வைக்க வந்த மிட்டாய் தனி. அத்தாவின் பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும், தங்கநிறத் தாள் சுற்றிய ஆரஞ்சு "முட்டாய்" தனி. இதை அவர் யாருக்கும் தரமாட்டார். நான் கேட்டால், "பெட்டியில இருக்கறத எடுத்துக்கம்மா" என்பார். "துபாய்க்குப் போயி மச்சான் சின்னப்புள்ளயா ஆயிட்டாரு" என்று மாமு கிண்டல் செய்வார். எனக்கோ சின்னதாக ஒரு வருத்தம். பெற்ற மகளுக்குத் தராமல் தனக்கென்று மிட்டாய் வைத்துக்கொள்கிற அத்தாவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மலைக்குப் போகிற நாளன்று காலையில் வேன் வாசலில் வந்து நின்ற பிறகு அத்தா கத்தியைப் பேண்ட் பாக்கெட்டில் திணித்தார். போகவில்லை. ஒரு பக்கம் பர்ஸும் கைக்குட்டையும், மறுபக்கம் மிட்டாய். போட்டிருந்ததோ பை இல்லாத பனியன் துணிச் சட்டை. இரண்டு முறை முயன்றுவிட்டு, மிட்டாய் அத்தனையையும் அள்ளி என் இரண்டு கையிலும் கொட்டினார். "இந்தா, வச்சுக்க." அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! கத்தி உள்ளே போயிற்று, தொடையில் கட்டி வந்ததுபோலப் புடைத்துக்கொண்டு நின்றது. அம்மா வேனில் ஏறும்போது, "பாக்கெட்டுல முட்டாய் இருக்குதாங்க?" என்று கேட்டாள். "இருக்கு, இருக்கு, ஏறு" என்றார் அத்தா. அம்மாவும் கிண்டல்தான் செய்கிறாள் என்று நான் நினைத்தேன்.

பெரம்பலூரும் குரும்பலூரும் தாண்டுவதற்குள் மாமு பிள்ளைகளும் நானுமாக எல்லா மிட்டாயையும் தீர்த்திருந்தோம். தாள்களை மட்டும் நகத்தால் நீவி, சுருக்கம் போக்கி, பாவாடைப் பைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

லாடபுரத்துக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில், மழை பெய்தால் மட்டும் விழுகிற ஓர் அருவிக்குத்தான் போனோம். கீழே தண்ணீர் தேங்கும் பாறையில் ஜமுக்காளத்தை விரித்து, சோற்றுச் சட்டியையும் தண்ணீர்க் குடத்தையும் இறக்கியதுமே அத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மேல போயி பாத்துட்டு வந்துடறோம். இவளும் நானும் மட்டும்." சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. "சாப்புட்டா ஏற முடியாது" என்றார் அத்தா. ஒரு பாட்டில் தண்ணீராவது கொண்டுபோகச் சொன்னாள். "அருவிக்குப் போறவனுக்குத் தண்ணியா?" என்று சிரித்து, தொடையைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் இருக்கு."

ஒற்றையடிப் பாதை அருவியை விட்டு விலகி முள்ளும் புதருமாக மேலேறியது. முதலில் அவர் கத்தியை எடுத்துக் கொடி அறுத்தார், எனக்கு ஒரு குச்சி சீவிக் கொடுத்தார், பூதக்கண்ணாடியால் எறும்பைக் காட்டினார். அவ்வளவு நேரம் அவர் என்னோடு தனியாக இருந்ததே இல்லை. நான் கேட்காமலே துபாய்க் கதைகள் சொன்னார். எனக்குத்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அருவிச் சத்தம் நின்றுவிட்டது. மாமு பிள்ளைகளின் கூச்சலும் கேட்கவில்லை. "போதும் அத்தா, போலாம்" என்றேன். அந்தப் பாறை வரைக்கும், அந்த வளைவு வரைக்கும் என்று போய்க்கொண்டே இருந்தார்.

பிறகு பேச்சு நின்றது. நிழலில்தான் நடந்தோம், காற்றும் சில்லென்றுதான் இருந்தது, ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. என்னைப் பார்த்தார், ஆனால் என் பின்னால் நிற்கிற யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முட்டாய் குடு" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"முட்டாய் குடு புள்ள." நாக்கு குழறியது.

"தின்னுட்டேன் அத்தா."

அவர் பாக்கெட்டில் கைவிட்டார். மிட்டாய் இருந்த பாக்கெட். கையில் வந்தது கத்தி. அதை மிட்டாய் என்றே நினைத்தாரோ என்னவோ, தாளைப் பிரிப்பதுபோல அதைப் பிரிக்க ஆரம்பித்தார். சின்ன அலகு வந்தது, ரம்பம் வந்தது, அந்தச் சுருள் கம்பி வந்தது, பெரிய அலகு வந்தது. ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்து, இது இல்லை என்பதுபோல அடுத்ததை நெம்பினார். விரலில் இரத்தம் வழிந்து பாறையில் சொட்டியது. அவருக்கு அது தெரியவே இல்லை. பயந்துபோய் என் பாவாடைப் பையிலிருந்த தங்கநிறத் தாள்களை எடுத்து நீட்டினேன். வாங்கினார். ஒன்றை வாயில் வைத்து நக்கினார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சலில் என் மகள் அனத்தினால், தொலைபேசி மணி அகாலத்தில் அடித்தால், எனக்கு முதலில் வருவது தங்கத் தாளை நக்குகிற அந்த முகம்தான்.

அவரை விட்டுவிட்டு ஓடினால் கத்தியோடு உருண்டுவிடுவார். ஓடாவிட்டால் இங்கேயே உயிர் போய் மௌத்தாகிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. "கத்தியக் குடுங்க அத்தா, நான் முட்டாய் எடுத்துத் தர்றேன்" என்றேன். "போடீ" என்றார். என்னை அவர் டீ போட்டுக் கூப்பிட்டதே கிடையாது. அழுதுகொண்டே அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். கையில் பலமே இல்லை. குழந்தை கையிலிருந்து வாங்குவதுபோலக் கத்தி வந்துவிட்டது. அதை மடக்க எனக்குத் தெரியாது. விரிந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

வளைவில் கூடையோடு ஒரு மலைக்காரப் பெண் வந்துகொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் பின்வாங்கி, "ஏய், ஏய்! மொதல்ல அதக் கீழ போடு பாப்பா!" என்று கத்தினார். போட்டேன்.

"எங்க அத்தா முட்டாய் கேக்குறாங்க" என்றேன். வேறெதுவும் என் வாயில் வரவில்லை.

"முட்டாய் கேட்டதுக்கா கத்தியத் தூக்கிட்டு ஓடியார?" என்று சிரிக்கப் போனவர், என் பாவாடையிலிருந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "எங்க இருக்காரு? நட."

அத்தா பாறையில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. அந்தப் பெண் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஐஸு கணக்கா இருக்கு. காலையில என்ன சாப்புட்டாரு?" என்றார். "டீ." "நல்லா வந்தாரு மலை ஏற" என்று வைதுகொண்டே கூடையை இறக்கினார். கூடை நிறையச் சீத்தாப்பழம். ஒன்றை இரண்டு கட்டைவிரலால் அமுக்கிப் பிளந்தார். அதற்குக் கத்தியே தேவைப்படவில்லை. சதையை விரலால் வழித்து அத்தா வாயில் வைத்தார். "முழுங்குண்ணே. கொட்டையத் துப்பு. ம், முழுங்கு." நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன், பாதியில் எல்லாம் மறந்து "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பது மட்டும் மிஞ்சியது.

மூன்றாவது பழத்திலோ நான்காவதிலோ அத்தா தானே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்தார். இந்த முறை என்னைத்தான் பார்த்தார். "ஏம்மா அழுவுற?" என்றார்.

இறங்கும்போது அந்தப் பெண் அருவிச் சத்தம் கேட்கும் வரை கூடவே வந்தார். அத்தா நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. "நண்டு கணக்கா ஒண்ணு கீழ கெடக்கு, மொதல்ல அத எடுத்துக்க" என்று பாதையைக் காட்டினார். அத்தா அதைக் குனிந்து எடுத்து ஒவ்வொன்றாக மடக்கினார். டக். டக். டக். கடைசி அலகையும் மடக்கிவிட்டு என் காதருகே குனிந்து, "அம்மாட்ட சொல்லாதம்மா, பயந்துடுவா" என்றார். விரல் காயத்துக்குக் கொடி அறுத்தபோது பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டோம்.

சொல்லாமல் இருந்தேன். அவர் விமானம் ஏறும் வரை, மிட்டாய் பாக்கெட்டில் இருக்கிறதா என்று அவர் பேண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் போன மறுநாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "அவருக்குச் சுகர் இருக்குன்னு எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே துணி தொவைக்கையில மாத்திரை அட்டை கெடச்சுது. அவரா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஏறினால் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி அப்படி ஆகும் என்பதும், பாக்கெட்டிலிருந்த மிட்டாய் அவருக்கு மருந்து என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் பயந்துவிடுவோம் என்று அவர் மறைத்தார். அவர் சங்கடப்படுவார் என்று அம்மா மறைத்தாள். நடுவில் நான் எல்லா மிட்டாயையும் தின்றேன்.

இப்போது நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து அதே பச்சைமலைக்கு "ட்ரெக்கிங்" என்று அழைத்துப்போனார்கள். அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் என்னோடு நானே சண்டை போட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டேன். போட்டதும் பை கட்டத் தொடங்கினேன். பஞ்சு, மருந்து, கட்டுத்துணி, விசில், இரண்டு டார்ச், மழைக்கோட்டு, மாற்றுச் செருப்பு, கொசுவத்தி, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், பேரீச்சம்பழம். "பாம்புக்கு ஒரு தடியும் வச்சிடும்மா" என்றாள் மகள்.

காலையில் அவளை எழுப்பப் போனபோது பை வாசலருகே தயாராக நின்றது. தண்ணீர் பாட்டில் மட்டும் கட்டிலில் கிடந்தது. "வைக்க இடமே இல்லம்மா. அங்கதான் அருவி இருக்குல்ல?" என்றாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினேன். தண்ணீரை முதலில் வைத்தேன். சாப்பாடு, ஒரு டார்ச், விசில், ஒரு துண்டு, கொஞ்சம் பஞ்சும் மருந்தும். எதையோ விட்டுவிட்டோம் என்று கை பரபரத்தது. அதற்கு மேல் வைக்கவில்லை. கடைசியாக ஒரு கைப்பிடி மிட்டாயை முன்பையில் போட்டு, "இது உனக்கு இல்ல, தின்னுடாத. கூட வர்றவங்க யாராவது வேர்த்து நடுங்கினா குடு. உனக்கு என்ன பண்ணினாலும் மறைக்காம பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லு" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு இதையெல்லாம் அதுவரை நான் சொன்னதே இல்லை. பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்துபோகும் வழியில்தான் சொன்னேன்.

அத்தா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆரஞ்சு மிட்டாய் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. கத்தி என் பீரோவில் இருக்கிறது. துருப்பிடித்து, பெரிய அலகைத் தவிர வேறெதுவும் வெளியே வராது. அதை நான் திறப்பதில்லை. மலைக்குப் போன அன்று மாலை மகள் திரும்பி வந்து பையை என்னிடம் கொடுத்தபோது, முதலில் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். பிறகு முன்பையில் கைவிட்டேன். ஒரு மிட்டாய் குறைந்திருந்தது.

"யாருக்குடி குடுத்த?" என்றேன்.

"எனக்குத்தான்" என்றாள். "நீ சொன்னதையே நெனச்சு ரொம்ப பயமா இருந்துச்சும்மா."