யார் வீட்டுக்கும் போகாத பயணம்

எங்கள் வீட்டில் காரை எடுத்து ஒஸ்லோவுக்கு வெளியே போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம். கலியாணவீடு, பிறந்தநாள், குடிபூரல், செத்தவீடு. நோர்வே மிக அழகான நாடு என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த நோர்வே முழுவதும் சொந்தக்காரரின் சோபாக்கள்தான். ஒவ்வொரு சோபாவிலும் ஒரு தட்டு மிக்ஸர், ஒரு கிளாஸ் ஃபன்ரா.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, பதினொரு வயதில், யார் வீட்டுக்கும் போகாத ஒரு பயணத்துக்கு நான் திட்டம் போட்டேன். கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உதைபந்தாட்ட மைதானங்களைப் பார்ப்பது. பெரிய அணிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம், அதற்கு யாருக்குக் கார் வேண்டும்? எனக்கு வேண்டியது நான்காம் பிரிவில் விளையாடும் சின்ன அணிகள். ஒஸ்லோவில் நாங்கள் குடியிருந்த அம்மருட்டில் எங்கள் சிறுவர் அணிக்குப் பயிற்சி தந்தவர் அப்படியொரு அணியின் கோல்காப்பாளர். வார நாட்களில் தண்ணீர்க்குழாய் திருத்துபவர். ஒருநாள் அப்பாவோடு போய் அவருடைய கோலுக்குப் பின்னால் நின்றேன். அவர் தன் ஆட்களை ஏசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. ஆட்டம் முடிந்ததும் வாஃபல் வாங்க எங்களுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றார். வாழ்க்கையில் இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்கு அன்றே பட்டுவிட்டது.

வரவேற்பறைச் சுவரில் வரைபடத்தை ஒட்டினேன். அப்பா பார்சல் வான் ஓட்டுபவர், தெரியாத தெரு கிடையாது. எந்தச் சுரங்கப்பாதையில் நெரிசல், எந்த ஊரில் கார் நிறுத்தலாம் என்று ஆர்வமாகச் சொல்லத் தொடங்கினார். அம்மாதான் மசியவில்லை.

“பந்தடி பாக்கவோ ஊர் ஊராத் திரியப் போறீங்கள்? போற வழியிலை இருக்கிற சனம் என்ன நினைக்கும்?”

அது பகிடிக் கேள்வியல்ல. ஒரு ஊருக்குப் போய், அங்கே இருப்பவரின் வீட்டுப் படி ஏறாமல் திரும்பினால் குறை நினைப்பார்கள். இரண்டு வீட்டில் ஒன்றுக்கு மட்டும் போனால் அதைவிட மோசம். ஆகவே நான் சொந்தக்காரர் இல்லாத ஊர்களாகத் தேடித் தேடிக் கோடு கீறினேன். நோர்வேயில் எங்கள் ஆட்கள் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது என்ன லேசான வேலையா? தேடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கோடு திராமனைத் தொடாமல் வளைந்து போனது. என் பட்டியலில் ஒஸ்லோவுக்கு வெளியே மிகக் கிட்டத்தில் இருந்த மைதானம் அங்கேதான் இருந்தது. ஆனால் திராமனில் பெரியம்மா இருந்தார். அம்மாவின் ஒரே அக்கா. அவருடைய மூத்த மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தபோது பெரியம்மா நேரில் வந்து சொல்லவில்லை, வேறொருவர் கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டார். “கூடப் பிறந்தவளுக்கு ஆள் விட்டோ சொல்லுறது?” என்று அம்மா போகவில்லை. தங்கச்சி வரவில்லையே என்று பெரியம்மா கோபித்தார். அதன்பிறகு இவர் கூப்பிடாமல் அவர் வரமாட்டார், அவர் வராமல் இவர் போகமாட்டார். அம்மா அடிக்கடி குளியலறைக்குள் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார். வெங்காயம் என்பார். குளியலறையில் ஏது வெங்காயம் என்று நான் யோசித்ததில்லை.

கடைசி ஆயுதமாக ஒரு மாலை சமையலறை வாசலில் நின்று வாதாடினேன். “மைதானம் ஒருத்தற்றை வீடும் இல்லைத்தானே அம்மா? ஆரும் எங்களைக் கூப்பிடத் தேவையில்லை. விருப்பமெண்டால் வரலாம், விருப்பமெண்டால் போகலாம்.”

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

அடுத்தநாள் என் தலையில் இடி விழுந்தது. நான் போட்ட திட்டம் முழுக்க யூலை மாதத்தில். யூலையில் நாடே விடுமுறையில் போகிறது, சின்ன அணிகள் ஒன்றும் விளையாடுவதில்லை என்று அப்பா தேடிப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு பெரிய மூளைக்கு இது தெரியவில்லையே! நான் வரைபடத்தைக் கிழிக்கப் போனேன்.

“விடு, கிழிக்காதை,” என்றார் அம்மா. “ஓகஸ்ட்டிலை விளையாடுவினம்தானே? பள்ளிக்கூடம் தொடங்க முதல் போவம்.” பிறகு வரைபடத்துக்குக் கிட்ட வந்து, “ஏன் திராமனை விட்டனீ? அதுதானே கிட்ட,” என்றார்.

அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்து, தேத்தண்ணியைக் குடித்தார். நானோ குதித்தேன். முதியோர் இல்லத்தில் யாருக்காகவும் தன் வேலை நேரத்தை மாற்றாத அம்மா, எனக்காக இரண்டு பேரிடம் கெஞ்சி மாற்றினார். போதாததற்கு எங்கள் கட்டடத்து மாமிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த மாமியிடம் ஒன்றைச் சொன்னால் பொழுது சாய முதல் அது திராமன் வரைக்கும் போய்விடும். “இவள் விடுறாள் இல்லை. ஞாயிறு மத்தியானம் திராமன் ஆத்தங்கரை மைதானத்திலை நிப்பமாம். நாங்கள் ஒருத்தற்றை வீட்டையும் போகேல்லை, மைதானத்துக்குத்தான்,” என்று இரண்டு தரம் சொன்னார். என் திட்டத்தைப் பற்றி அம்மா ஊருக்கெல்லாம் பெருமையடிக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஞாயிறு தூறல். நாங்கள் மூன்று பேர், அம்மா சுட்ட ரோல்ஸோ முப்பது பேருக்குக் காணும். மைதானத்தில் பார்வையாளரைவிடக் கடற்பறவைகள் கூட. நான் கோலுக்குப் பின்னால் ஓடிப்போய் இடம் பிடித்தேன். எல்லாம் நான் நினைத்தபடி: கோல்காப்பாளர் ஏசினார், வாஃபல் மணத்தது, பந்து ஒருதரம் ஆற்றுப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. நான் நாட்டையே பிடித்த ராணி.

இரண்டாம் பாதி தொடங்கும்போது குடை பிடித்தபடி வேலியோரமாகப் பெரியம்மா வந்தார். பட்டுச் சேலைக்கு மேல் மழைக்கோட்டு. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில், ஆனால் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றார்.

“சும்மா நடக்க வந்தனான்,” என்றார், மைதானத்தைப் பார்த்தபடி.

அம்மாவும் மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். “இந்தாங்கோ அக்கா, ஆற முதல் சாப்பிடுங்கோ.”

பெரியம்மா ஒரு கடி கடித்தார். “இன்னும் நீ உறைப்புப் போடப் பழகேல்லை,” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கோல் பின்தங்கியிருந்த திராமன்காரர் கோல் அடித்தார்கள். நான் கத்திக்கொண்டு திரும்பினேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு சமன் கோலுக்கு இவ்வளவு உணர்ச்சியா! அப்பாவைப் பார்த்தேன், அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே திட்டத்தில் என் குடும்பம் முழுவதையும் பந்தடிப் பைத்தியம் ஆக்கிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்ச மைதானங்களுக்கு அடுத்தடுத்த நாட்களில் இரண்டு காரில் போனோம். பெரியம்மா வீட்டு மூத்த அக்காவும், அதுதான் அந்தச் சாமத்தியவீட்டுக்காரி, என்னோடு கோலுக்குப் பின்னால் நின்று கத்தினார். முன்காரில் அம்மாவும் பெரியம்மாவும் கதைத்த கதை நாங்கள் ஒஸ்லோவுக்குத் திரும்பும்வரை முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக்குள் இருந்த செயற்கைப் புல் மைதானத்துக் கறுப்பு ரப்பர்த் துகள்களைக் கொட்டியபடி அம்மாவைச் சோதித்தேன். திராமன் ஆட்டத்தில் யார் வென்றது என்று தெரியுமா?

“நாங்கள்தான்,” என்றார் அம்மா, ஒரு கணமும் யோசிக்காமல்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எங்களுக்கு அங்கே அணியே இல்லை, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று, யாரும் வெல்லவில்லை என்று மேசையில் சீனிப்பாணிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் வைத்து முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன். அம்மா கன்னத்தில் கை வைத்துச் சிரித்தபடி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இந்த அம்மாவுக்கு எவ்வளவு சொன்னாலும் பந்தடி ஏறாது என்று முடிவுகட்டிக்கொண்டு நான் படுக்கப் போனேன்.